வாழ்நாள் கல்வி யாருக்காக?

2025 ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் நடைபெற்ற விழாவில், நாட்டிலேயே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. கைபேசியைப் பயன்படுத்தவும் இணையவழிச் சேவைகளைப் பெறவும் அறியாதிருந்த 21 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கண்டறியப்பட்டனர். மாணவர்கள், குடும்பஸ்ரீ பெண்கள், நூலக ஊழியர்கள் எனச் சுமார் இரண்டரை லட்சம் தன்னார்வலர்கள் அவர்களுக்குக் கற்பித்தனர். தொண்ணூறு வயதைக் கடந்தவர்களும் கற்றவர்களில் இருந்தனர்.

இம்முயற்சியின் ஊற்றுக்கண் திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை என்னும் சிறிய பஞ்சாயத்து. நூறு நாள் வேலைத் திட்டத் தொழிலாளர்கள், கூலி கணக்கில் வரவாகிவிட்டதா என்பதை அறிவதற்காகவே வேலையை விட்டுவிட்டு வங்கி வாசலில் காத்து நிற்க வேண்டியிருந்தது. அந்த நிலையை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து தொடங்கிய பயிற்சியால், 2022 செப்டம்பரில் புல்லம்பாறை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாயிற்று. அதுவே மாநிலம் முழுமைக்கும் முன்மாதிரியாயிற்று.

ஆனால் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த வேலை உறுதிச் சட்டத்தையே நீக்கிவிட்டு வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. செலவில் 40 சதவீதம் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் ஏற்றப்பட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்பதை ஒன்றிய அரசே முன்கூட்டித் தீர்மானிக்கும் நிலை ஏற்பட்டது. இதுபற்றி நாட்டின் எந்தக் கிராம சபையிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. கூலி வந்துவிட்டதா என்று கைபேசியில் பார்க்கக் கற்றுக்கொண்ட தொழிலாளிக்கு, அந்த வேலை நிலைக்குமா என்று தீர்மானிப்பதில் பங்கு இல்லை. அதே டிசம்பரில் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில், பல்லாண்டுகள் இடதுசாரிகளின் பொறுப்பில் இருந்த திருவனந்தபுரம் மாநகராட்சி பாரதிய ஜனதா கட்சியின் கைக்குச் சென்றது.

தேர்தல் முடிவுக்கு எழுத்தறிவு இயக்கத்தைக் காரணமாக்குவது பிழை. தோல்விக்கான காரணங்களைக் கட்சிக் குழுக்கள் தனியே ஆராய வேண்டும். எனினும் கற்றலுக்கும் ஆட்சியில் பங்கேற்பதற்கும் உள்ள உறவைப் பற்றிய கேள்வியை இந்நிகழ்வுகள் எழுப்புகின்றன. வாழ்நாள் முழுவதும் கற்றல் என்பதை இன்று எல்லோரும் போற்றுகின்றனர். உலக வங்கியும் போற்றுகிறது, உழைக்கும் மக்களின் இயக்கங்களும் போற்றுகின்றன. இரு சாராரும் ஒரே பொருளில்தான் பேசுகின்றனரா என்பதே ஆராய்தற்குரியது.

ஒரு சொல், இரு பொருள்

1972இல் எட்கர் ஃபோர் தலைமையிலான யுனெஸ்கோ ஆணையம் வாழ்நாள் கல்வி என்ற கருத்தை உலகின் முன் வைத்தபோது, அதன் மையத்தில் மனிதனும் ஜனநாயகமும் இருந்தன. 1975இல் பெர்சிபோலிசில் கூடிய எழுத்தறிவு மாநாட்டின் பிரகடனம், எழுதப் படிக்கக் கற்பதை மனித விடுதலையோடு இணைத்தே பேசியது. காலனி ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட நாடுகள் தம் மக்களைக் குடிமக்களாக உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. சோஷலிச நாடுகளின் குரலும் அன்று உலக அமைப்புகளில் ஒலித்தது.

சோவியத் ஒன்றியம் தகர்ந்த பின்னர் அதே சொல்லுக்கு வேறு பொருள் ஏற்றப்பட்டது. 1996இல் வளர்ந்த முதலாளித்துவ நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு அனைவருக்கும் வாழ்நாள் கற்றல் என்ற முழக்கத்தை எடுத்தது. 2000இல் லிஸ்பனில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், உலகின் மிகுந்த போட்டித்திறன் கொண்ட அறிவுப் பொருளாதாரமாக ஐரோப்பாவை ஆக்குவதை இலக்காகக் கொண்டனர். வாழ்நாள் கற்றல் அதற்கான கருவியாயிற்று. 2003இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையும் உலக அறிவுப் பொருளாதாரத்துக்குத் தேவையானது என்ற அளவிலேயே அதைப் பார்த்தது. கற்பவர் குடிமகன் என்ற நிலையிலிருந்து இறக்கப்பட்டு, தன் உழைப்புச் சக்தியை இடைவிடாது புதுப்பித்து விற்க வேண்டியவர் ஆக்கப்பட்டார்.

இந்தியாவில் இப்பொருள் எவ்வாறு நடைமுறையாகிறது என்பதற்கு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளே சான்று. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய நிறுவனங்களின் வரம்பு, 100 தொழிலாளர்களிலிருந்து 300 தொழிலாளர்களாக உயர்த்தப்பட்டுள்ளது. குறித்த கால வேலை சட்டப்பூர்வமாக்கப்பட்டுள்ளது. இவற்றுக்கு ஈடாக, ஆட்குறைப்புச் செய்யப்படும் தொழிலாளி புதிய திறனைக் கற்பதற்கென ஒரு நிதி அமைக்கப்படுகிறது. முதலாளி அதில் செலுத்த வேண்டியது அத்தொழிலாளியின் 15 நாள் ஊதியம். இருபது ஆண்டுகள் ஒரு தறியிலோ கடைசல் இயந்திரத்திலோ தேர்ந்த கைகள், பதினைந்து நாள் கூலியில் வேறொரு தொழிலைக் கற்று மீண்டும் சந்தைக்கு வந்துவிட வேண்டும்! வராவிட்டால் குற்றம் தொழிலாளியுடையது; அவன் கற்கத் தவறிவிட்டான். வேலையின்மை என்ற சமூகத் தீமை தனிமனிதனின் அறியாமையாக மாற்றிக் காட்டப்படுகிறது.

வயது வந்தோர் கல்வியின் நிலையும் இதுவே. 2009இல் தொடங்கிய சாக்ஷர் பாரத் திட்டம் 2018 மார்ச்சில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாடெங்கும் பஞ்சாயத்து மையங்களில் பணியாற்றிய பிரேரக்குகள் எனப்படும் கல்விப் பணியாளர்கள் வேலையிழந்தனர். அதன்பின் 2022ஆம் ஆண்டில் ஐந்தாண்டுகளுக்கென அறிவிக்கப்பட்ட புதிய எழுத்தறிவுத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். எழுத்தறிவு பெற வேண்டியோர் 5 கோடிப் பேர். ஒருவருக்கு ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 207 ரூபாய். கற்பிப்போர் தன்னார்வலர்கள், ஊதியம் இல்லை. வாழ்நாள் கற்றல் பற்றித் தனி அத்தியாயமே கொண்டிருக்கும் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடைமுறையில் எட்டிய இடம் இது.

பள்ளிக்காக வயலை விட்டவர்கள்

கற்றலின் மற்றொரு பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைத் திருவனந்தபுரத்தின் மண்ணிலேயே காணலாம். நகருக்குத் தெற்கே உள்ள வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட புலையர் சமூகத்தவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அமைத்தார். தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை நிலவுடைமையாளர்களின் வயலில் இறங்குவதில்லை என்ற அவரது அறைகூவலை ஏற்று விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பட்டினியால் பணிய வைக்க முயன்றபோது விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் தொழிலில் இடமளித்து அவர்களைத் தாங்கினர் என்று அப்போராட்ட வரலாறு கூறுகிறது. கூலிக்கு முன்பே கல்வியைக் கோரிக்கையாக்கிய வேலைநிறுத்தம் அது.

அரசாணை பெற்ற பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்று பள்ளியில் அமர்த்தியபோது, சாதி ஆதிக்கவாதிகள் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். இன்று அப்பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1911 இறுதியில் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட அய்யன்காளி, அங்கே பேசியது இரண்டைப் பற்றி: ஒன்று நிலம், மற்றொன்று பள்ளி. கல்வியையும் உடைமையையும் ஆட்சியில் இடத்தையும் அவர் வேறு வேறாகப் பிரிக்கவில்லை. எழுத்தறியாத ஒருவர் கல்வியின் அரசியலை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார் என்பது சிந்தனைக்குரியது.

இந்த மரபே பின்னர் வாசகசாலைகளாக வளர்ந்தது. 1945இல் பி.என். பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்கள் அம்பலப்புழையில் கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை உருவாக்கின. மாநிலம் உருவான பின் அது கேரளம் முழுவதற்கும் விரிந்தது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது அச்சங்கத்துக்கு வழங்கப்பட்டது. லெனினின் வாழ்க்கைத் துணைவியும் சோவியத் முதியோர் கல்வியின் முன்னோடியுமான குரூப்ஸ்கயாவின் பெயரிலான விருது, கிராமத்துக் கீற்றுக் கொட்டகைகளில் தொடங்கிய ஓர் இயக்கத்தைத் தேடி வந்தது பொருத்தமே. வடக்கே கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை நாளிதழும் நூலும் உரக்கப் படிக்கச் செய்து, அவர் சுற்ற வேண்டிய பீடியைத் தாங்கள் பகிர்ந்து சுற்றினர். கற்பதற்கான நேரத்தை உழைக்கும் மக்கள் தங்கள் கூலியிலிருந்தே எடுத்துக்கொடுத்தனர்.

1989ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் இந்த அமைப்புக்குச் சட்ட வடிவம் அளித்தது. உள்ளூர் நூலக நிர்வாகம் முதல் மாநில நூலகக் கவுன்சில் வரை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையில் இருப்பதும், கட்டட வரியோடு நூலக வரி வசூலிக்கப்படுவதும் அதன் சிறப்புகள். நூலகத்தை நடத்துவதே ஜனநாயகத்துக்கான ஒரு பயிற்சியாக அங்கே அமைந்தது.

1991: இரு நிகழ்வுகள்

1989 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் இணைந்து முழு எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கின. ஓராண்டில் அது நிறைவேறியது. அதைத் தொடர்ந்து மாநிலம் முழுவதும் நடந்த இயக்கத்தின் முடிவில், 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிற மைதானத்தில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அமைச்சர் அல்லர். அந்த இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற மலப்புறம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா.

மூன்று மாதங்கள் கழித்து, அதே ஆண்டு ஜூலையில், தில்லியில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்ற பாதை திறக்கப்பட்டது. புதிதாக எழுத்தறிந்த லட்சக்கணக்கான மக்கள் நாளிதழின் தலைப்புகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வேளையில், அவர்களது வாழ்வைத் தீர்மானிக்கும் முடிவுகள் அவர்களுக்கு எட்டாத இடங்களுக்கு, பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைப் பட்டியல்களுக்கும் வர்த்தக ஒப்பந்தங்களின் இணைப்புகளுக்கும் இடம்பெயர்ந்தன. உலகமயக் காலத்தில் வாழ்நாள் கல்வி எதற்கு என்ற கேள்விக்கான விடை இங்கேதான் உள்ளது. முடிவெடுக்கும் இடம் மக்களைவிட்டு விலக விலக, அந்த இடத்தைக் கண்டறிந்து கேள்வி கேட்கும் அறிவு மக்களுக்குத் தேவைப்படுகிறது. அந்த அறிவு பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடுவதன்று.

எழுத்தறிவு இயக்கத்துக்குப் பின் கற்றவர்கள் மீண்டும் மறக்கத் தொடங்கினர் என்பது உண்மை. படித்ததைப் பயன்படுத்த இடமில்லாதபோது எழுத்து கையைவிட்டு நழுவிவிடும். அந்த இடத்தை உருவாக்கியது 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம். மலையாளத்தில் 'ஜனகீய ஆசூத்ரணம்' என்று வழங்கிய இச்சொல்லுக்கு 'மக்கள் தாமே திட்டமிடல்' என்பதே நெருங்கிய பொருள். இ.எம்.எஸ். அதன் வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. முதல் சுற்றுக் கிராம சபைகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் நிலம், நீர், பயிர், தொழில், பள்ளி, மருத்துவமனை பற்றிய வளர்ச்சி அறிக்கையைத் தானே எழுதி வெளியிட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களில் சேர்ந்தனர். லட்சக்கணக்கானோருக்குத் திட்ட மதிப்பீடு, கணக்கு, சட்டம் ஆகியன பற்றிப் பயிற்சி அளிக்கப்பட்டது.

இதில் கற்றலும் அதிகாரமும் ஒன்றையொன்று தாங்கின. கையில் நிதி இருந்ததால் மதிப்பீட்டைப் படிக்கக் கற்பதற்குப் பொருள் இருந்தது. மதிப்பீட்டைப் படிக்க முடிந்ததால் அந்த நிதி ஒப்பந்ததாரரின் பைக்குள் போவதைத் தடுக்க முடிந்தது. அதிகாரம் தராத கல்வி நினைவிலிருந்து மறைந்துபோகும். கல்வி இல்லாத அதிகாரம் அதிகாரியிடமும் தரகரிடமும் போய்ச் சேரும்.

பிலாச்சிமடை கற்பித்த பாடம்

இந்த உறவுக்கு மிகச் சிறந்த சான்று பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பெருமாட்டி பஞ்சாயத்து. 2000ஆம் ஆண்டில் பிலாச்சிமடையில் ஆலை அமைக்கக் கோக்கோ-கோலா நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது இந்தப் பஞ்சாயத்துதான். வேலை கிடைக்கும், வரி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அன்று அனைவரிடமும் இருந்தது. ஆலை ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீரை எடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் சுற்றிலும் இருந்த கிணறுகளில் நீர் வற்றியது; எஞ்சிய நீர் சமைக்கவும் குடிக்கவும் ஆகாமல் போயிற்று. அதை முதலில் உணர்ந்தவர்கள் இரவாளர், மலசர் ஆகிய ஆதிவாசிப் பெண்கள். நாள்தோறும் குடம் சுமந்தவர்கள் அவர்களே. 2002 ஏப்ரலில் ஆலை வாயிலின் முன் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக விளங்கிய மயிலம்மா பள்ளிப் படிப்பு இல்லாதவர்.

ஆலைக் கழிவு உரமென்று கூறி விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது 2003இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் ஏற்பாடு செய்த ஆய்வில் வெளிப்பட்டது. பெண்கள் நாவால் அறிந்ததை ஆய்வகம் எண்களால் உறுதி செய்தது. பஞ்சாயத்து மீண்டும் கற்றது. நீர்மட்டம், மாசு, தன் சட்ட அதிகாரம் ஆகியவற்றை அறிந்துகொண்டு, 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று, ஒரு கிராமப் பஞ்சாயத்தின் தீர்மானத்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று.

போராட்டம் அதோடு முடியவில்லை. 2005இல் உயர் நீதிமன்றத்தின் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் நீர் எடுக்க அனுமதித்தது. 2010இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கிராமம் கற்றது, பஞ்சாயத்து முடிவெடுத்தது, சட்டமன்றம் வழிமொழிந்தது. தில்லியில் அது நின்றது. உள்ளூர் ஜனநாயகத்தின் ஆற்றலும் எல்லையும் இந்த ஒரே நிகழ்வில் புலப்படுகின்றன.

வெளிப்படையாகப் பேச வேண்டியவை

கேரளத்தின் சாதனைகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்திக்கொள்வது இடதுசாரிகளுக்கு உதவாது. கிராம சபைகளின் நிலை முன்போல் இல்லை. பல இடங்களில் அவை பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமாகச் சுருங்கியுள்ளன. வருவோரில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள்; நடுத்தர வர்க்கமும் இளைஞர்களும் வருவதில்லை. வீடோ ஆடோ பட்டியலில் தன் பெயர் இல்லாதவருக்கு அங்கே வேலையில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

எழுத்தறிவு இயக்கத்தைத் தாங்கி நிற்போரின் நிலையும் கவலைக்குரியது. மாநில எழுத்தறிவு ஆணையத்தின் 'அக்ஷரலக்ஷம்' தேர்வில் 2018இல் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்ற ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாவுக்கு அப்போது வயது 96. நாடே அவரைக் கொண்டாடியது. குடியரசுத் தலைவரின் விருதும் கிடைத்தது. ஆனால் அத்தகையோருக்கு எழுத்தைக் கற்பித்த பிரேரக்குகள், நிலுவையிலிருந்த மதிப்பூதியத்துக்காக 2022-23இல் தலைமைச் செயலகத்தின் முன் நீண்ட நாட்கள் போராட வேண்டியிருந்தது. ஒன்றிய அரசு கேரளத்தின் நிதியை நெரித்தது உண்மை. ஆயினும் வாழ்நாள் கல்வியை வலியுறுத்தும் இயக்கம், அதைக் கற்பிப்போரின் ஊதியத்தைக் கடைசி வரிசையில் வைக்க இயலாது.

விழிஞ்ஞமும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அய்யன்காளியின் வேலைநிறுத்தத்தைத் தாங்கிய அக்கடற்கரையில் அதானி குழுமம் இயக்கும் சர்வதேசத் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2022இல் மீனவர்கள் நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, கடலரிப்பைப் பற்றி ஆராயும் குழுவில் தங்கள் தரப்பு வல்லுநர்களும் இடம்பெற வேண்டும் என்பது. துறைமுகம் தேவையா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஆய்வில் பங்கு கேட்பது கல்விக்கும் ஜனநாயகத்துக்கும் உரிய கோரிக்கை. அதைத் தடையாகக் கருதுவது இம்மண்ணின் மரபுக்கு முரணானது.

டிஜிட்டல் எழுத்தறிவையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். கைபேசியில் பணம் செலுத்தவும் காணொலி பார்க்கவும் மட்டும் கற்றவர் நிறுவனங்களுக்கு நல்ல வாடிக்கையாளர். வெறுப்பைப் பரப்பும் பொய்ச் செய்தி அவரிடம் தங்குதடையின்றி வந்து சேரும். அதே கைபேசியில் பஞ்சாயத்தின் வரவு செலவைத் திறந்து பார்க்கவும், வந்த செய்தி உண்மையா என்று சோதிக்கவும் கற்றவர் குடிமகன். இதற்கான வித்துகள் கேரளத்தில் உள்ளன. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கைட்' நிறுவனம் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தி வருகிறது. பொய்ச் செய்தியை இனங்காண 2022இல் லட்சக்கணக்கான மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய 'திரிகே ஸ்கூளில்' இயக்கத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் லட்சக்கணக்கில் விடுமுறை நாட்களில் பள்ளி வகுப்பறைகளில் அமர்ந்து கற்றனர். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கும் 'சங்ஙாதி' திட்டம் 2017இல் பெரும்பாவூரில் தொடங்கியது. மாணவர், பெண்கள், புலம்பெயர்ந்தோர் என மூன்று திசைகளிலும் உள்ள இவ்வித்துகள் கிராம சபையோடும் தொழிற்சங்கத்தோடும் இணைக்கப்பட்டால்தான் மரமாகும்.

தமிழகத்தில் செய்ய வேண்டியது

தமிழகத்துக்கு இது புதிய பாடமன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அடிமைகள் போல் கல்லுடைத்த பெண்கள் கல்குவாரிக் குத்தகையைத் தாங்களே எடுத்து நடத்தினர். எழுத்து, நடமாட்டம், உற்பத்திச் சாதனத்தின் மீதான உரிமை ஆகிய மூன்றும் ஒன்றாகக் கைவந்த தருணம் அது. அந்த இயக்கம் ஓய்ந்ததற்குக் காரணம் மக்களின் ஆர்வமின்மை அன்று. கற்றவர்கள் முடிவெடுப்பதற்கான நிதியும் அதிகாரமும் உள்ளாட்சிகளுக்கு வராமல் போனதே பெருங்காரணம்.

இன்று தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை அங்கே வாசிக்கப்படுகிறது. கேட்போர் மிகச் சிலர், அதைப் புரிந்துகொள்வோர் அவர்களினும் சிலர். கட்சிக் கிளைகள் அந்த ஆறு நாட்களுக்கும் ஒரு வாரம் முன்பாக, அவ்வறிக்கையைப் பெற்று மக்களோடு அமர்ந்து படிக்கும் வகுப்பை நடத்தினால், அதுவே வாழ்நாள் கல்வியின் முதல் வகுப்பாகும். ஒரு தெருவிளக்குக்கு எவ்வளவு, ஒரு சிறுபாலத்துக்கு எவ்வளவு, வரவேண்டிய நிதியில் வந்தது எவ்வளவு என்பதை அறிந்து செல்லும் பத்துப் பேர் ஒரு கிராம சபையின் தன்மையையே மாற்றிவிடுவர்.

தொழிற்சங்கங்கள் புதிய சட்டத் தொகுப்புகளின் பிரிவுகளை எளிய தமிழில், தொழிலாளியின் ஊதியச் சீட்டை மேசைமேல் வைத்து விளக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் ஊர் நூலகங்களைத் திறக்கக் கோருவதோடு, திறந்தபின் அங்கே அமர்வதற்கும் தோழர்கள் முன்வர வேண்டும். கட்சி வகுப்புகள் ஒருவர் பேச மற்றவர் கேட்கும் கூட்டங்களாகக் குறைந்துவிடாமல், பிலாச்சிமடையின் பெண்களைப் போல் மக்கள் தம் அனுபவத்தால் அறிந்ததைக் கேட்டுப் பதிவு செய்யும் இடங்களாகவும் விளங்க வேண்டும். கற்பிக்க வருபவரும் கற்க வேண்டியவரே என்பது மார்க்சியத்தின் தொடக்க காலப் பாடம்.

திறன் மேம்பாட்டை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை. தொழிலாளி புதிய தொழில்நுட்பத்தைக் கற்பது அவரது உரிமை; அதற்கான செலவு முதலாளியுடையதும் அரசுடையதும் ஆக வேண்டும், கற்கும் நாட்களுக்கு முழு ஊதியம் வேண்டும். அதற்கும் மேலாக, எந்தத் தொழில்நுட்பம், யாருடைய நலனுக்கு, எந்த நிலத்தில், யாருடைய நீரைக் கொண்டு என்ற கேள்விகளைக் கேட்கும் திறனும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். இக்கேள்விகளை எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் சான்றிதழ்ப் படிப்பும் கற்பிக்காது. வாசகசாலையும் சங்கமும் கிராம சபையும் கட்சிக் கிளையுமே அவற்றைக் கற்பிக்க வேண்டும். வரவிருக்கும் கிராம சபைக்கு முன் எத்தனை கிளைகள் வரவு செலவு அறிக்கையை மக்களோடு அமர்ந்து படித்தன என்பதை ஒவ்வொரு மாவட்டக் குழுவும் கணக்கெடுக்கட்டும்.